கம்பி இழுத்தவர்களின் பெயர்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்னல் படை நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவத் தந்திப் பிரிவைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதில்லை. நீங்கள் அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 1911-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து ராணுவத் தந்தியை ஆரம்பித்தார் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அடுத்து, அதிகாரிகள் பெயர் நான்கைந்து வந்திருக்கிறது. கம்பி இழுத்தவன் ஒருவனைப் பற்றியும் ஒரு வரி இல்லை. நான் சிக்னல் படையில் லைன்மேனாக வேலை பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். என் தாத்தாவும் அதே வேலையைத்தான் பார்த்தார், முதல் உலகப் போரில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், பெயர்களைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

1911 பிப்ரவரி 15 என்பது சரியான தேதிதான். ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசம்) கங்கைக்கரையில் இருக்கும் ஃபதேகர் என்ற ஊரில் 31-வது, 32-வது டிவிஷனல் சிக்னல் கம்பெனிகள் அன்று உருவாயின. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் எஸ்.எச். பவல் தலைமை. அடுத்த மாதமே அகமத்நகரில் 33, 34 என்று மேலும் இரண்டு கம்பெனிகள் வந்தன. அதே காலத்தில் ரூர்க்கியில் கம்பியில்லாத் தந்திக்கென்று ஒரு பிரிவும் வந்தது. அதுவரை ராணுவத்தில் தகவல் அனுப்பும் வேலை சிதறிக் கிடந்தது. தந்திக் கம்பி சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை கையில். சைகை காட்டும் கொடியும் கண்ணாடியும் அந்தந்த ரெஜிமென்ட் கையில். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான் 1911-ல் நடந்த காரியம்.

எங்கள் சித்தூர் மாவட்டமும் அதே 1911-ல் பிறந்ததுதான். ஏப்ரல் 1-ஆம் தேதி வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். அந்த வட ஆற்காடுதான் மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு வழக்கமாக ஆள் எடுக்கும் சீமை. வேலூர், குடியாத்தம், சித்தூர், பலமநேர் வட்டாரத்தில் ‘பட்டாளத்து வீடு’ என்று கேட்டால் இன்றும் வழி காட்டுவார்கள்.

ராணுவத் தந்தியின் கதை 1911-க்கு வெகு முன்னாலேயே தொடங்குகிறது. 1839-ல் கல்கத்தாவில் வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற டாக்டர் மூங்கில்களில் கம்பி கட்டி 21 மைல் தூரத்துக்குச் சோதனை செய்தார். அவர் சொன்னதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கு லைன். 1854-ல் ஆக்ரா, பம்பாய், பெங்களூர், மதராஸ் என்று ஒரேயடியாகப் பரவியது. பெங்களூர்ச் சீமையில் மரக்கம்பத்துக்குப் பதிலாகக் கருங்கல் தூண்களையே நட்டார்கள். நம் பக்கத்துக் கல்லின் அருமை அந்த டாக்டருக்கும் புரிந்திருக்கிறது. கரையான் அரிக்காது, மழைக்கு உளுத்துப் போகாது.

இது சிவில் தந்தி. படையோடு கூடவே நகரும் தந்தி என்று பார்த்தால் 1858-ஐச் சொல்ல வேண்டும். 1857-ல் வெடித்த கிளர்ச்சியை அடக்க, லக்னோவைப் பிடிக்க பிரிட்டிஷ் தளபதி காலின் கேம்பல் படை நடத்திப் போனபோது, பேட்ரிக் ஸ்டூவர்ட் என்ற வங்காள இன்ஜினியர் அதிகாரி படைக்குப் பின்னாலேயே கம்பி போட்டுக்கொண்டு போனார். அலகாபாத்தில் இருந்த கவர்னர் ஜெனரல் கேனிங்கோடு தளபதி போர்க்களத்திலிருந்தே பேச முடிந்தது. அந்தப் போரில் எந்தப் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கம்பி நம்மை அடக்கத்தான் போடப்பட்டது. ஆனாலும் நகரும் படைக்குத் தந்தி என்ற தொழில் உருவான இடத்தைச் சொல்லாமல் விடுவது சரித்திரம் ஆகாது.

தந்திக்கென்றே ஒரு நிரந்தரப் படைப்பிரிவு என்று பார்த்தால் அது இங்கிலாந்தில் 1870-ல் வந்த ‘சி’ ட்ரூப், ராயல் இன்ஜினியர்ஸ். கேப்டன் மாண்டேகு லாம்பர்ட் அதன் முதல் தலைவர். அதே வருஷம்தான் பிரிட்டிஷ் அரசு தனியார் தந்திக் கம்பெனிகளையெல்லாம் வாங்கித் தபால் துறையோடு சேர்த்தது. அதையொட்டி 22-வது, 34-வது இன்ஜினியர் கம்பெனிகளைத் தபால் துறையின் லைன் வேலைக்கு அனுப்பினார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சமாதான காலத்தில் ஊருக்கு லைன் போட்டு, பழுது பார்த்து, கை பழகியவன்தான் சண்டைக் களத்தில் உருப்படியாக வேலை செய்வான். பரேடு மைதானத்தில் மட்டும் கேபிள் உருட்டிப் பழகியவனால் முடியாது. 1884-ல் இந்த மூன்றையும் சேர்த்து டெலிகிராஃப் பட்டாலியன் ஆக்கினார்கள்.

‘சி’ ட்ரூப் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் கற்றுக்கொண்டதன் வேர் அதில்தான் இருக்கிறது. ஆறு குதிரை பூட்டிய வண்டி. வண்டியில் பெரிய பெரிய உருளைகளில் கேபிள். வண்டி ஓடும்போதே உருளையிலிருந்து கேபிள் அவிழ்ந்து பின்னால் விழும். பின்னாலேயே குதிரைமேல் வரும் ஒருவன், நீளக்கழியின் நுனியில் இருக்கும் கொக்கியால் அந்தக் கேபிளை எடுத்து, பாதையை விட்டு ஒதுக்கி, வேலியின் மேலோ பள்ளத்துக்குள்ளோ போடுவான். பாதை நடுவே கிடந்தால் பின்னால் வரும் பீரங்கி வண்டிச் சக்கரம் அறுத்துவிடும். அதற்குப் பின்னால் நடந்து வருபவர்கள் மரத்திலும் கம்பத்திலும் இழுத்துக் கட்டுவார்கள். ஒரே ஒரு கம்பிதான். திரும்பி வரும் மின்சாரத்துக்கு மண்ணே வழி. இரு முனையிலும் ஒரு இரும்பு முளையை மண்ணில் அறைந்து அதில் கம்பியைச் சுற்றினால் போதும். மண் காய்ந்திருந்தால் சத்தம் வராது. அப்போது முளையைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் இல்லாத ஊரில் என்ன ஊற்றினார்கள் என்று ராணுவத்தில் இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் ராஜஸ்தான் எல்லையில் வேலை பார்த்த காலத்திலும் அதே முளை, அதே தண்ணீர்.

ஜூலு சண்டை, எகிப்து, நைல் நதிப் பயணம் என்று அந்தப் பிரிவு போகாத இடமில்லை. 1882 செப்டம்பர் 13-ஆம் தேதி எகிப்தில் டெல்-எல்-கெபிர் சண்டை முடிந்த அன்று காலையிலேயே வெற்றிச் செய்தி களத்திலிருந்து விக்டோரியா ராணிக்குப் போனது. அந்தக் களத்தில் நம் மதராஸ் சாப்பர்ஸும் நின்றார்கள். அவர்களுடைய படைக்கொடிக்குரிய சண்டைப் பெயர்களில் டெல்-எல்-கெபிரும் ஒன்று. அதற்கு முன்னால் 1868 அபிசீனியா. அப்புறம் 1885-ல் சூடானின் சுவாக்கின். செங்கடலைத் தாண்டிப் போன ஒவ்வொரு படையிலும் வட ஆற்காட்டுக்காரன் இருந்திருக்கிறான்.

கம்பி போட முடியாத மலைகளில் ஹீலியோகிராஃப். கராச்சியில் பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் வேலை பார்த்த ஹென்றி மேன்ஸ் கண்டுபிடித்தது. முக்காலிமேல் ஒரு வட்டக் கண்ணாடி, நடுவில் ரசம் பூசாத ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகப் பார்த்து எதிர்மலையில் இருப்பவனைக் குறி வைக்க வேண்டும். சாவியைத் தட்டினால் கண்ணாடி லேசாகச் சாயும். எதிரில் இருப்பவனுக்கு மினுக்கென்று தெரியும். குறு மினுக்கு, நெடு மினுக்கு, அதுதான் மோர்ஸ் என்ற தந்தி எழுத்து. ஐந்து அங்குலக் கண்ணாடி ஐம்பது மைல் வரை எட்டும். 1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கன் போரில் இதுதான் படையின் நாக்கு. சூரியன் நகர நகரத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் வெளிச்சம் வேறு மலைக்குப் போய்விடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இன்னொரு கண்ணாடி வைத்துத் திருப்ப வேண்டும். ராத்திரியில் மண்ணெண்ணெய் எரியும் பெக்பி விளக்கு. பகலில் மேகம் போட்டால் கொடி: பின்புலம் இருட்டாக இருந்தால் நீலக் கோடு போட்ட வெள்ளைக் கொடி, வெளுப்பாக இருந்தால் கருநீலக் கொடி.

இத்தனையும் கையில் பழகிய ஆட்கள் இருந்ததால்தான் 1911-ல் பவலால் ஒரு கம்பெனி அமைக்க முடிந்தது. வெறுங்கையால் யாரும் முழம் போட முடியாது.

என் தாத்தா பெங்களூர் அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். தமிழ்ச் சாப்பர்களைப் படை முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அவர் சிக்னல் கம்பெனிக்கு மாறியவர். 1914-ல் மீரட் டிவிஷனோடு பிரான்சுக்குப் போனார். அந்த டிவிஷனுக்கு 32-வது கம்பெனி, லாகூர் டிவிஷனுக்கு 31-வது. செப்டம்பர் கடைசியிலிருந்து இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. கோடைக்குத் தைத்த காக்கிச் சட்டையோடு போனவர்கள், அக்டோபர் முடிவதற்குள் ஃபிளாண்டர்ஸ் சேற்றில் நின்றார்கள்.

குப்பத்தில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஜாயிண்ட் போடுவது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. முதலில் இரண்டு முனையையும் இரட்டை முடிச்சுப் போட வேண்டும். இழுபடும் பாரத்தை அந்த முடிச்சு தாங்கும், செம்பு தாங்கக் கூடாது. முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளின் மேலுறையைப் பல்லால் கடித்து உரிக்க வேண்டும். கம்பி இழைகளை விரித்து, ஒன்றோடொன்று கோத்து, முறுக்கி, மேலே நூலோ பட்டையோ சுற்றி ஈரம் புகாமல் கட்ட வேண்டும். சணல் கயிற்றைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார். விளக்கு ஏற்றினால் குண்டு வரும் இடத்தில் கை மட்டும்தான் பார்க்கும் என்பார். பல வருஷம் கழித்து ஜபல்பூர் டிரெய்னிங் சென்டரில் உஸ்தாத் (பயிற்சி தருபவர்) கேபிளைக் கையில் கொடுத்தபோது, என் விரல்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. உறை ரப்பரிலிருந்து பிளாஸ்டிக் ஆகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1915 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சில் நவ் ஷாப்பெல் சண்டை. மீரட் டிவிஷன் அன்று முன்னணியில் போன படைகளில் ஒன்று. அந்தக் காலத்துப் போன் லைன்கள் தரையில் கிடப்பவை, ஷெல் விழுந்தால் இருபது இடத்தில் அறும். ஒரு லைன் அறுந்தால் அதன் இரு முனையிலிருந்தும் இரண்டிரண்டு பேர் கிளம்ப வேண்டும். கம்பியை உள்ளங்கையில் ஓடவிட்டுக்கொண்டே போக வேண்டும், எங்கே கை வெறுமையாகிறதோ அங்கே உட்கார வேண்டும். மறுமுனை எங்கே தூக்கி வீசப்பட்டிருக்கிறதென்று சேற்றில் தவழ்ந்து துழாவ வேண்டும். கட்டி முடித்து டெலிபோனைக் கோத்து இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் நடையைக் கட்ட வேண்டும். காலாட்படைக்காரன் பள்ளத்துக்குள் பதுங்கலாம், லைன்மேன் ஷெல் விழும் நேரத்தில்தான் வெளியே வர வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் லைன் அறும். போருக்குப் போனவர்களில் பலருக்கும் இது தெரியாது. பின்னால் கற்றுக்கொண்டார்கள்: இரண்டு லைனைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஏணிப்படி மாதிரி நடுநடுவே இணைத்தார்கள், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பேசும். 1916-க்குப் பிறகு ஆறடி ஆழத்தில் புதைத்தார்கள். அதற்குள் தாத்தாவின் டிவிஷன் பிரான்சை விட்டு மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) கப்பல் ஏறிவிட்டது.

அவர் அங்கே போனது, கூட் என்ற ஊரைத் துருக்கிப் படை சூழ்ந்திருந்த முற்றுகையை உடைக்கப் போன படையோடு. முற்றுகைக்குள் மாட்டியிருந்தது ஆறாவது பூனா டிவிஷன், தலைமை ஜெனரல் டவுன்ஷெண்ட். அந்த டிவிஷனோடு உள்ளே இருந்தது 34-வது சிக்னல் கம்பெனி. 1915 டிசம்பரில் மாட்டினார்கள், 1916 ஏப்ரல் 29-ஆம் தேதி சரணடைந்தார்கள். வெளியில் இருந்த படைக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் நடுவே கடைசிவரை பேசிக்கொண்டிருந்தது கம்பியில்லாத் தந்தி. குதிரையைத் தின்று, அதுவும் தீர்ந்து, மாவு அவுன்ஸ் கணக்கில் வந்த நிலையிலும் அந்தப் பெட்டியை ஓட்டியிருக்கிறார்கள். சரணடையும் முன் அதை உடைத்தார்கள். சுமார் 13,000 பேர் சிறைப்பட்டார்கள். பாலைவனத்தில் நடத்திக்கொண்டு போய் ரயில் பாதை வேலையில் விட்டார்கள். ராஸ்-அல்-அய்ன் என்ற இடத்தில் இந்தியக் கைதிகள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். திரும்பாதவர்கள் அநேகம்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நவ் ஷாப்பெலில் 1927-ல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து, கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அதில் கல்லில் இருக்கின்றன. சிப்பாய் பெயரும் இருக்கிறது, குதிரைக்காரன் பெயரும் இருக்கிறது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்குப் பஸ்ராவில் நினைவுச்சின்னம். அங்கே பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சிப்பாய்கள் எல்லாம் இந்த ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை. 33,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெறும் எண்ணாக நிற்கிறார்கள். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு, இப்படி நடந்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டது. ஒரே கம்பெனியில் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர். ஒருவன் பிரான்சில் இறந்தான், பெயர் இருக்கிறது. இன்னொருவன் பஸ்ரா பக்கம் இறந்தான், பெயர் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

வெளிநாட்டை விடுங்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-ல் தொடங்கிய பெரும் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் அடியில் காய்கறி வாங்குகிறார்கள். அந்த 14 பேர் யார் யார்? எந்தத் தெரு? எந்தப் படை? கல்லில் இல்லை. இதுபோன்ற கல்வெட்டுகள் ஊர் ஊராகப் பதித்தார்கள். எல்லாவற்றிலும் எண்ணிக்கைதான்.

மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்து ஆட்களும் கிறிஸ்தவர்களும் ஏராளமாக இருந்தார்கள். சாதி பார்த்துத் தனிப்பந்தி போடாத படை என்று அதற்கு அப்போதே பெயர். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டுத் தந்திக் கம்பி இழுத்தான். அவனுக்கு நிலம் கிடையாது, பட்டா கிடையாது, கோயில் கல்வெட்டில் இடம் கிடையாது. அரசாங்கத் தாளில் அவன் பெயர் முழுசாக எழுதப்பட்ட ஒரே இடம், படையை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மற்றவர்களின் குடும்பக் கதைக்கு வேறு சான்று இருக்கும், இவர்களுக்கு இது ஒன்றுதான்.

சிக்னல் கம்பெனிக்குள்ளேயும் மேடு பள்ளம் இருந்தது. அந்த நாளில் சாவி முன்னால் உட்கார்ந்து தந்தி தட்டியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய்கள். லைன் போடுவது, குதிரை ஓட்டுவது, தகவலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் ஆட்கள் பங்கு. தட்டியவன் பெயர் தந்தித் தாளில் பதிவாகும், அறுந்ததைக் கட்டியவன் பெயர் எங்கும் பதிவாகாது. இரண்டாம் உலகப் போர் வரை தொழில்நுட்ப வேலையில் வெள்ளைக்காரர்களே அதிகம். 1954-ல்தான் குடகைச் சேர்ந்த ஏ.சி. ஐயப்பா, இந்தியர்களில் முதலாமவராக, சிக்னல் படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

பஞ்சாபில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 1919-ல் கிராமம் கிராமமாக எழுதி வைத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் அவற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள ஒரு பஞ்சாபி அமைப்பும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் கணினியில் ஏற்றினார்கள். தன் ஊர்ப் பெயரைப் போட்டால் தாத்தா பெயர் வருகிறது. நம் வட்டாரத்துக்கும் அப்படியொன்று வேண்டும்.

இதில் எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்குக் கூடுதல் சங்கடம். தமிழ்நாட்டில் யாராவது படைவீரர் சரித்திரம் எழுதினால் வேலூர், திருப்பத்தூரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், குப்பம் ஆந்திரா என்கிறார்கள். ஆந்திராவில் எழுதினால் இவர்கள் தமிழ் ஆட்கள் என்று விட்டுவிடுகிறார்கள். 1911-க்கு முன் வேலூரும் குப்பமும் ஒரே மாவட்டம். ஒரே ரெக்ரூட்டிங் பார்ட்டி வந்து ஒரே சந்தையில் ஆள் எடுத்தது. எங்கள் பேரப்பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளை இரண்டு மொழியிலும் யாரும் அவர்களுக்குப் படித்துச் சொன்னதில்லை.

எங்கள் சொந்தத்திலேயே ஒன்று நடந்தது. தாத்தாவின் வெள்ளி மெடல் அத்தை வீட்டில் இருந்தது. கஷ்ட காலத்தில், ஒரு கல்யாணச் செலவுக்கு, எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அன்றைக்கு அரிசிக்கே வழியில்லை. ஆனால் அந்த மெடலின் ஓரத்தில் பொடி எழுத்தில் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விற்கும் முன் ஒரு தாளில் அந்த எழுத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தால்கூடப் போதுமே. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஓரம் பூச்சி அரித்தது, மடிப்பில் கிழிந்தது. பிரிவின் பெயரும் சேவை செய்த நாடுகளும் இன்னும் படிக்க முடிகிறது.

ஆகவே தங்கள் நாளிதழை நான் கேட்டுக்கொள்வது இது. வாரம் ஒருமுறை, ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், சித்தூர், குப்பம், கோலார் தங்கவயல் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இருக்கும் பழைய பட்டாளத்துத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பட்டும். நீங்கள் அவர் பெயர், ஊர், படைப்பிரிவு, போன நாடு என்று நான்கு விவரம் மட்டும் அச்சிடுங்கள். கதை வேண்டாம், அலங்காரம் வேண்டாம். குடும்பத்தின் சம்மதம் வாங்கிக்கொண்டு போடுங்கள். சேரச் சேர அது பட்டியல் ஆகிவிடும். அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கும், பெங்களூரில் உள்ள மதராஸ் இன்ஜினியர் குரூப் மையத்துக்கும், ஜபல்பூர் சிக்னல் மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

அனுப்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஓர எழுத்து அழிந்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் எழுத்து தெரியும், செல்போனில் நாலாபுறமும் திருப்பித் திருப்பிப் படம் எடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை லாமினேஷன் செய்யாதீர்கள், பழைய தாள் உள்ளேயே பொடியாகிவிடும். காகித உறைக்குள் வையுங்கள், நாப்தலின் உருண்டை தாளின் மேல் படக் கூடாது. ‘எஸ் அண்ட் எம்’ என்று சுருக்கமாக இருந்தால் அது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். ‘சிக். கோய்.’ என்பது போல இருந்தால் சிக்னல் கம்பெனி. பாட்டியிடம் விதவைப் பென்ஷன் புத்தகம் இருந்தால் அதிலும் கணவரின் படை எண் இருக்கும். போரில் இறந்தவராக இருந்தால் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள். முனுசாமி என்றால் மூனசாமி, முனிசாமி, மோனோசாமி என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள்.

குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம், வி.கோட்டா பக்கத்தில் யாராவது தாளை வைத்துக்கொண்டு படிக்க முடியாமல் இருந்தால், தங்கள் அலுவலகம் மூலம் எனக்குச் சொல்லியனுப்புங்கள். நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துச் சொல்கிறேன். தெலுங்கில் எழுதித் தர வேண்டுமென்றால் அதையும் செய்கிறேன். முதல் பதிவாக என் தாத்தாவின் புத்தகத்தின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், லைன்மேன்,
சிக்னல் படை,
குப்பம், சித்தூர் மாவட்டம்.